தரங்கம்பாடியை ஒரே நாளில் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்: கோட்டையிலிருந்து தொடங்கலாமா?

குடந்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாறு கற்பிக்கிறேன். தை மாதத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்களை ஒருநாள் பயணமாகத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்லப் பள்ளியில் ஒப்புதல் கிடைத்துள்ளது. இதற்கு முன் அங்கே சென்ற வகுப்புகள் டேனியக் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, கடற்கரையில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, திருக்கடையூரில் கும்பிட்டுவிட்டுத் திரும்பியதாக அறிகிறேன். கோட்டையைப் பார்த்த பிள்ளைகளிடம் டென்மார்க்கு நாட்டினர் இந்தச் சிற்றூருக்கு ஏன் வந்தார்கள் என்று கேட்டால், வணிகம் செய்ய வந்தார்கள் என்ற ஒற்றை வரிக்கு மேல் விடை வருவதில்லை.

இம்முறை ஊரையே ஒரு பாடமாகக் காட்ட விரும்புகிறேன். அதற்கு எனக்குச் சில தெளிவுகள் வேண்டும். ஐரோப்பியர் பலரும் நாகப்பட்டினம், புதுச்சேரி, சென்னை என்று பெரிய இடங்களைத் தேடியிருக்க, டேனியர் இங்கே வந்து சேர்ந்தது எவ்வாறு? கடலோரத்தில் அலைக்கு அருகிலேயே நிற்கும் சிவன் கோயில் கோட்டைக்கு முந்தியதா, பிந்தியதா? இத்தனை பெயர்பெற்ற ஊர் இன்று ஒரு பேரூராட்சியாக ஒடுங்கியிருப்பதற்குக் காரணம் என்ன? இவற்றோடு, இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான் அமைந்தது என்றும், உலகிலேயே ஓசோன் மிகுந்த கடற்கரை இதுதான் என்றும் பயண இணையதளங்களில் படிக்கிறேன். மாணவர்களிடம் சொல்லத் தக்கவை எவை, தவிர்க்க வேண்டியவை எவை என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் கருத்து நேரானது: கோட்டையிலிருந்து தொடங்காதீர்கள். கோட்டைக்குச் சற்று வடக்கே கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலில் தொடங்குங்கள். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுந்த கோயில் அது. டேனியக் கப்பல் கண்ணில் படுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு துறை இருந்தது, அரசன் கொடை கொடுக்கும் அளவுக்கு வணிகரும் குடிகளும் இருந்தனர் என்பதற்கு அந்தக் கோயில் சான்று. அங்குள்ள கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்ற பெயர் துறைமுகத்துக்கு வழங்குவது என்பதை உங்கள் மாணவர்கள் காவிரிப்பூம்பட்டினத்தையும் நாகப்பட்டினத்தையும் கொண்டு தாங்களே ஊகித்துவிடுவார்கள். கோயிலின் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விட்டது. அண்மைக் காலத்தில் திருப்பணி நடந்திருப்பதால், பழைய படங்களில் காணும் இடிந்த முகப்பை அங்கே தேட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

டேனியர் இங்கே வந்தது திட்டமிட்டு நடந்ததன்று. அவர்கள் நோக்கிப் புறப்பட்டது இலங்கை. போர்ச்சுகீசியரை எதிர்க்க உதவி தேடிய கண்டி அரசனின் பெயரால், மார்செலிஸ் போஷவர் என்ற டச்சுக்காரர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் அவைக்கு வந்து பேசினார். 1616-இல் தொடங்கப்பட்டிருந்த டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது நல்ல வாய்ப்பாகத் தோன்றியது. 1618-இல் ஓவே ஜெட்டே என்னும் இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. போஷவர் வழியிலேயே இறந்துபோனார். கண்டிக்குப் போய்ச் சேர்ந்த ஜெட்டேயிடம், அவ்வளவு பெரிய வாக்குறுதி எதையும் தாம் கொடுக்கவில்லை என்ற பாங்கில் அரசன் நடந்துகொள்ள, அந்த முயற்சி கைகூடவில்லை.

இதற்கிடையில், முன்னதாக அனுப்பப்பட்டிருந்த ஓரெசுண்ட் என்ற கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தனர். மாலுமிகள் பலர் மாண்டனர். இருவருடைய தலைகள் கரையில் கழுவேற்றி வைக்கப்பட்டன என்று குறிப்புகள் சொல்கின்றன. தப்பிப் பிழைத்த ரோலண்ட் க்ராப்பே என்பவர் எஞ்சிய சிலரோடு தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையைச் சென்றடைந்தார். நாகப்பட்டினத்தில் வேரூன்றியிருந்த போர்ச்சுகீசியருக்கு எதிரெடையாக இன்னொரு கடல் வணிகக் கூட்டம் தம் கரையில் இருப்பது நாயக்கருக்கும் வசதியாகவே இருந்திருக்கும். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டு வாடகைக்குத் தரங்கம்பாடியும் அங்கே கோட்டை கட்டும் உரிமையும் டேனியருக்குக் கிடைத்தன. டென்மார்க்கு மன்னருக்கு நாயக்கர் தமிழில் எழுதுவித்துத் தெலுங்கில் கையொப்பமிட்ட பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தமிழில் எழுதிய அரச மடல் ஒன்று பொன் தகட்டில் ஐரோப்பிய மன்னனுக்குச் சென்றது என்ற செய்தியை எந்தப் பாடநூலும் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

அதன்பின் கோட்டைக்கு வாருங்கள். டான்ஸ்போர்க் என்ற அந்தக் கோட்டையின் கீழ்த்தளத்தில் சரக்கு அறைகளும் சமையற்கூடமும் வீரர் தங்குமிடமும் சிறையும், மேல்தளத்தில் ஆளுநர் இல்லமும் சிறு வழிபாட்டு அறையும் இருந்தன. கீழறைகளுக்குள் நுழைந்தவுடன் சுவரின் பருமனையும் காற்று நுழையும் துளைகளின் சிறுமையையும் மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மிளகும் துணி மூட்டைகளும் கடற்காற்றின் ஈரம் படாமல் கப்பல் வரும்வரை காத்திருந்த இடம் அது. இந்தக் கரையில் நெய்த துணியைக் கிழக்கே இன்றைய இந்தோனேசியாவின் மக்காசர் வரை கொண்டுபோய் விற்று, அங்கிருந்து கிராம்பு ஏற்றி வருவதே தொடக்க காலத்தில் அவர்களுக்கு ஆதாயம் தந்த தொழில்.

மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கப்போகும் கதை ஒன்று உண்டு. 1640-களின் தொடக்கத்துக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது அறவே நின்றுபோயிற்று. 1650-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. இங்கிருந்த டேனியர் ஒவ்வொருவராக இறந்தும் விலகியும் போக, 1655 வாக்கில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒருவரே தலைவராக எஞ்சினார். எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்படும் இந்த மனிதர் உள்ளூர் ஆட்களைக் கொண்டு கோட்டையைக் காத்தார். நாயக்கர் படை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தார். வங்காளக் கப்பல்களைப் பிடித்து வந்து விற்ற பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின் 1669-இல் டென்மார்க்கிலிருந்து ஃபேரோ என்ற கப்பல் வந்தபோது, கோட்டைமீது தங்கள் கொடி இன்னும் பறப்பதைக் கண்டு வந்தவர்கள் வியந்தார்கள். இன்று ஊருக்குள் நுழையும்போது தாண்டுகிற, டேனிய அரச முத்திரை தாங்கிய வெள்ளை நிற வாயில் 1792-இல் புதுப்பித்துக் கட்டப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் மதிலும் வாயிலும் அமைந்ததற்கு மூலகாரணம் கோங்ஸ்பாக்கேதான். அவர் பெயரில் ஊரில் ஒரு தெருகூட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அச்சுக்கூடம் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் கோட்டையையும் நாயக்கரையும் விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் அச்சகம் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில் அமைந்தது என்பது தவறு. கோவாவில் 1556-லேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலும் இங்கே வெளிவந்ததன்று. அண்ட்ரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. ஆனால் அந்த முயற்சிகள் சில பத்தாண்டுகளில் ஓய்ந்துபோயின. தமிழில் தொடர்ந்து அச்சடிக்கும் வழக்கம் மீண்டும் உயிர்பெற்ற இடம் என்று தரங்கம்பாடியைச் சொன்னால் அது பிழையாகாது. அந்தப் பெருமையே போதுமானது.

பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிச் புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கினார்கள். அவர்கள் கிறிஸ்தவ மறைபணிக்காக வந்த ஜெர்மானியர்கள். அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக். இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய முரண் என்னவென்றால், மன்னர் அனுப்பிய இவர்களை, மீண்டும் தொடங்கப்பட்டிருந்த கம்பெனியின் உள்ளூர் அதிகாரிகள் கொஞ்சமும் விரும்பவில்லை. வணிகத்துக்கு இடையூறு என்று கருதினார்கள். 1708-இன் இறுதியில் கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் சீகன்பால்கைப் பிடித்து இதே டான்ஸ்போர்க் கோட்டைக்குள் நான்கு மாதங்கள் அடைத்துவைத்தார். கோட்டையைக் காட்டும்போது இதையும் சொன்னால், ஐரோப்பியர் என்றால் எல்லாரும் ஓரணி என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு விலகும்.

சீகன்பால்க் தமிழ் கற்ற முறை உங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சுவையாக இருக்கும். திண்ணைப் பள்ளி நடத்திய முதியவர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பின்பு ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் படித்துத் தமக்கென ஒரு சுவடிப் பட்டியலே எழுதிவைத்தார்.

அச்சு இயந்திரம் வந்த கதை தனி. இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அது, வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மீட்கப்பட்டு, உடன் வந்த அச்சர் பயணத்திலேயே இறந்துவிட, ஒருவழியாக 1712-இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு அடுத்த ஆண்டு வந்தன. அந்த எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட முனைந்தால் தாள் கட்டுப்படியாகாது என்பது சில பக்கங்களிலேயே தெரிந்துவிட்டது. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இலண்டனிலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று மிஷன் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. நற்செய்திகள் 1714-இலும் புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இலும் வெளிவந்தன. தாள் பற்றாக்குறையைப் போக்கப் பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள். ஒரு நூலை அச்சிட எழுத்து, உலோகம், தாள், மை, கப்பல், பணம் என்று எத்தனை சங்கிலிகள் கோக்கப்பட வேண்டும் என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள் உள்ளன. சீயோன் ஆலயம் 1701-இல் டேனிய அதிகாரிகளும் குடும்பத்தினரும் வழிபடுவதற்காகத் திறக்கப்பட்டது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் தமிழ்ச் சபைக்காகச் சீகன்பால்க் கட்டியது. அதன் முகப்பில் முடியும் மன்னரின் பெயர்ச் சின்னமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதை நின்று படிக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்த அடுத்த ஆண்டே, 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் அவர் இறந்தார். அதே ஆலயத்தின் பலிபீடத்துக்கு முன்பாக அடக்கம் செய்யப்பட்டார். தமிழ் லுத்தரன் திருச்சபையின் பேராயர் திருச்சியில் இருந்து பணியாற்றினாலும் அவருடைய பட்டப்பெயர் இன்றும் தரங்கை பேராயர் என்பதுதான். சீகன்பால்க் வாழ்ந்த வீட்டில் இப்போது ஒரு சிறு அருங்காட்சியகம் உள்ளது. பழைய அச்சு முறை பற்றிய விளக்கம் அங்கே கிடைக்கும். நாற்பது பேர் ஒரே நேரத்தில் நுழைய இடம் போதாது. இரண்டு அணியாகப் பிரித்து அனுப்புங்கள்.

பொறையார்க்காரன் எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது பக்கத்து ஊர். ஊர் ஒடுங்கியதற்கான காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்வதற்கு முன், ஊர் ஓங்கிய காலத்தைச் சொல்ல வேண்டும். ராஜ வீதியில் இன்று காணும் பெரிய வீடுகள் பலவும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. 1777-இல் கம்பெனியிடமிருந்து ஆட்சியை டேனிய அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலெங்கும் போரிட்டுக்கொண்டிருக்க, நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடி பறந்த கப்பலில் சரக்கு ஏற்றுவது எல்லாருக்கும் பாதுகாப்பாயிற்று. அந்தப் பத்திருபது ஆண்டுகளில் குவிந்த பணம்தான் ஆளுநர் மாளிகையாகவும் தூண்கள் வைத்த தாழ்வாரங்களாகவும் நிற்கிறது. டென்மார்க்கு போரில் இழுக்கப்பட்டதும் அந்த வாய்ப்பு கைநழுவியது. ஆங்கிலேயர் 1801-இல் சிறிது காலமும், 1808 முதல் 1815 வரை நீண்ட காலமும் ஊரைக் கைப்பற்றி வைத்திருந்தனர். திரும்பக் கிடைத்தபோது வணிகம் திரும்பவில்லை. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனியர் வெளியேறினர்.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். உண்மையில் ஊருக்கு இன்னொரு பதினைந்து ஆண்டுகள் நல்ல காலம் இருந்தது. ஆங்கிலேயர் தஞ்சை மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகத்தை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றினார்கள். கடற்கரையில் இன்று தங்கும் விடுதியாக இயங்கும் மாளிகை அக்காலத்துக் கலெக்டர் பங்களா. மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவ்வூர் நீதிமன்றத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியதும் அந்தக் காலத்தில்தான். 1860-இல் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போயிற்று. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், துறைமுக வணிகம் முழுவதும் தண்டவாளம் தொடங்கும் இடத்துக்கே போய்விட்டது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-இல். அதற்குள் ஏற்றி இறக்கச் சரக்கு ஏதும் மிச்சமில்லை. அந்தப் பாதையையும் 1986-இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் ரயில் நின்ற ஆண்டைக் கொண்டே கல்யாணங்களையும் பிறந்த நாள்களையும் கணக்கிடுவார்கள். பாதையை மீண்டும் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது.

இதில் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஊர் செழித்திருந்தால் இந்தக் கட்டடங்கள் ஒன்றும் தப்பியிருக்கா. நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட இங்கே யாரிடமும் பணமும் தேவையும் இல்லாமல் போனதால்தான் தெருக்களின் அமைப்பு அப்படியே நிற்கிறது. கோட்டைகூட 1978 வரை அரசுப் பயணியர் மாளிகையாகப் பயன்பட்டு, அதன்பின்தான் மாநிலத் தொல்லியல் துறையின் கைக்கு வந்து அருங்காட்சியகமாயிற்று. உள்ளே டேனியர் கால வாள்கள், சீனத் தேயிலைச் சாடிகள், கண்ணாடிப் பொருள்கள், திமிங்கில எலும்பு என்று பலவும் உள்ளன. பிள்ளைகள் திமிங்கில எலும்பின் முன் நின்றுவிடுவார்கள், நேரம் ஒதுக்கி வையுங்கள்.

ஓசோன் பற்றி: தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் அது நுரையீரலுக்குக் கேடு. கடற்கரையில் நாம் நுகர்கிற மணம் கடற்பாசி, நுண்ணுயிர் ஆகியவற்றிலிருந்து எழும் கந்தகச் சேர்மங்களால் வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் அதை ஓசோன் என்று தவறாக நினைத்துப் பரப்பினார்கள், நம் ஊர் விளம்பரத்தில் அது இன்னும் வாழ்கிறது. வேதியியல் ஆசிரியர் உடன் வந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள்.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

பொறையார்க்காரர் சொன்னதில் ஒரு சிறு மறுப்பு. வறுமை கட்டடங்களைக் காத்தது என்பது பாதி உண்மை. வறுமையால் கூரை ஒழுகி இடிந்த வீடுகள் ராஜ வீதியிலேயே எத்தனையோ உண்டு. ஆளுநர் மாளிகை பல ஆண்டுகள் செடிகொடி மண்டிக் கிடந்தது. கடந்த கால் நூற்றாண்டில் டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமும் தரங்கம்பாடிச் சங்கமும் மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் தொல்லியல் துறையும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் இன்று காட்டுவதற்குச் சுவர்கள்கூட மிஞ்சியிருக்கா. சுனாமிக்குப் பிறகு தட்டார் தெரு வீடுகளை இன்டாக் அமைப்பினர் சுண்ணாம்புக் காரையும் நாட்டு ஓடும் கொண்டு சீரமைத்ததை மாணவர்களுக்குக் கட்டாயம் காட்டுங்கள். வெள்ளைக்காரர் மாளிகைகளையே பார்த்து வந்த கண்ணுக்கு, திண்ணையும் மரத்தூணும் உள்ள தமிழர் வீடும் அதே மதிலுக்குள் அதே காலத்தில் இருந்தது என்பது அங்கேதான் தெரியும்.

குடந்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கோயில், கோட்டை, வாயில், ராஜ வீதி, தட்டார் தெரு என்ற வரிசையில் செல்லலாம் என்று எண்ணுகிறேன். இன்னும் ஒரு கேள்வி. மேற்கண்ட பதிவுகள் அனைத்திலும் மீனவர் குடியிருப்பைப் பற்றி ஏதும் வரவில்லை. 2004 சுனாமியில் தரங்கம்பாடி பெரும் இழப்பைச் சந்தித்தது என்பதை அறிவேன். மாணவர்களை மீனவர் பகுதிக்கு அழைத்துச் செல்வது முறையாகுமா? காட்சிப்பொருளைப் பார்ப்பதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

நெய்தல் நிலத்தான் எழுதியது:

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் தயக்கம் சரியானதுதான். நான் அந்தப் பகுதியைச் சேர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். வரலாம், ஆனால் வருவதற்கு முறை இருக்கிறது.

எங்கள் ஊரில் நாட்டார் பஞ்சாயத்து உண்டு. கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது முதல் சண்டை தீர்ப்பது வரை அவர்கள் சொல்லுக்குத்தான் மதிப்பு. ஒரு வாரம் முன்பாக உங்கள் பள்ளியிலிருந்து ஒருவர் நேரில் வந்து நாட்டார்களைப் பார்த்து, இத்தனை பேர் வருகிறோம், இன்ன நேரத்தில் வருகிறோம் என்று சொல்லிவிட்டால், ஊரில் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். படகு கரைசேரும் காலை நேரமே ஏற்றது. மீனை இறக்கி, கூடையில் குவித்து, பெண்கள் ஏலம் கேட்பதை ஓரமாக நின்று பார்க்கலாம். ஏலம் போகும்போது குறுக்கே நின்று கேள்வி கேட்கக் கூடாது, அது வயிற்றுப்பாடு. முடிந்தபின் கேட்டால் எந்த மீனுக்கு எந்தக் கண்ணி அளவுள்ள வலை, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் பொறுமையாகச் சொல்வார்கள். கட்டுமரம் அனேகமாக மறைந்து ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகளே அந்த மாற்றத்தை விரைவுபடுத்தின. இப்போது மீன்பிடித் துறைமுகமும் அமைந்திருக்கிறது.

சுனாமியைப் பற்றிப் பிள்ளைகள் தாமாகக் கேட்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம், ஆண்கள் பலர் கரையில் வலை சீர்செய்துகொண்டும் பெண்கள் மீன் வாங்க நின்றுகொண்டும் இருந்தார்கள். ஆள் இழக்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. பேச விரும்புகிறவர்கள் தாமே பேசுவார்கள். பிழைத்தவர்கள் பலரைக் கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய புதுக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். வீடு கான்கிரீட்டாகிவிட்டது, ஆனால் கடல் என்ன நிறத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நீரோட்டம் என்று வாசலில் நின்றே பார்த்த வசதி போயிற்று. இதை யாரும் பெரிய குறையாக அரசிடம் சொல்வதில்லை, கடலுக்குப் போகிறவனுக்குத்தான் தெரியும்.

கோயிலுக்கு முன்னால் கருங்கல் கொட்டியிருப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். அரிப்பைத் தடுக்கப் போட்டது. அதையும், கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பான தூண்டில் வளைவையும் மாணவர்களுக்குக் காட்டி, கடல் ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் இன்னோரிடத்தில் அரிக்கும் என்பதை விளக்குங்கள். எங்கள் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல்லைக் கடலுக்குள் நீட்டிப் போட்டால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் குறையும். தங்கள் ஊருக்கும் வளைவு வேண்டும் என்று அடுத்தடுத்த கிராமங்கள் கேட்பதற்குக் காரணம் அதுதான். கோயில் முகப்பு போனதை வரலாறாகச் சொல்கிறோம். எங்களுக்கு அது இப்போதும் நடந்துகொண்டிருக்கிற காரியம்.

உங்கள் வரிசையில் ஒரு மாற்றம் செய்யுங்கள். விடியற்காலையில் கும்பகோணத்தில் கிளம்பினால் ஏழரை மணிக்குள் கரைக்கு வந்துவிடலாம். முதலில் படகுத்துறை, அதன்பின் கோயில், வெயில் ஏறுவதற்குள் கோட்டை. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, நாளைக் குறிப்பதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மதிய உணவுக்குப் பின் ராஜ வீதியும் தேவாலயங்களும், நிழல் இருக்கும். திரும்பும் வழியில் தில்லையாடி இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914-இல் பதினாறு வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் குடும்பத்துக்குப் பூர்வீகம் அந்த ஊர். அவருக்கு அங்கே நினைவு மண்டபம் உள்ளது. 1915-இல் காந்தியடிகளும் அந்த ஊருக்கு வந்தார். உங்கள் மாணவர்களும் ஏறத்தாழ அதே வயதினர் என்பதால் அங்கே கால் மணி நேரமாவது நிறுத்துங்கள். நாட்டார்களைப் பார்க்க வரும் நாளை இங்கே எழுதினால், நான் ஊரில் இருந்தால் உடன் வருகிறேன்.